நவம்பர் ஒன்பதை என்ன செய்வது

செப்டம்பர் 18

அன்புள்ள ரேடியோவுக்கு,

இன்னும் அந்தப் பேரை விடவில்லையா என்று முகத்தைச் சுளிக்காதே. உனக்கு வானொலி நிலையத்தில் வேலை கிடைப்பதற்குப் பல வருஷம் முன்பே உன் அண்ணன் வைத்த பேர் அது. “வாயை மூடாத தங்கச்சிக்கு வேற என்ன பேரு வைக்கிறது?” என்பார். அப்புறம் உனக்கு அங்கேயே வேலை கிடைத்ததும், ஏதோ தானே சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்த மாதிரி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். லிஃப்ட்காரர் கேட்டுவிட்டார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

எப்படிக் கேட்டார் என்று சொன்னால் சிரிப்பாய். பல் செட் செய்கிற எங்கள் கூடத்தில் நான் ஒரு பெரியவருக்கு மேல்வரிசைப் பற்களை மெழுகில் பதித்துக்கொண்டிருந்தேன். மனுஷன் கதவுப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஸ்பேனர். “உங்களைக் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு நான் கொஞ்ச நாளா யோசிச்சிட்டு இருக்கேன். நீங்களும் ஒரு தடவை யோசிச்சுப் பாக்குறீங்களா?” என்றார். “யோசிச்சாச்சு. சரி” என்றேன். “சரிங்க” என்று திரும்பியவர், தானே பழுதுபார்த்த லிஃப்ட் அங்கேயே திறந்து நிற்க, படியில் இறங்கிப் போய்விட்டார். நான் பதறியதில் அந்தப் பெரியவரின் முன்பல் கோணிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

நான் பெற்ற தும்மலுக்கும் சம்மதம். எட்டு வயதுப் பெண்ணின் சம்மதம் எப்படி இருக்குமோ அப்படி. “அவரு என் ரூம்ல தூங்க மாட்டாருல்ல?” என்று கேட்டாள். “மாட்டாரு” என்றேன். “அப்ப ஓகே.”

பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கியாகிவிட்டது. நவம்பர் ஒன்பது.

ஆமாம். சரியாகத்தான் படித்தாய். உன் அண்ணன் போன நாள்தான். அவர்களாகக் கொடுத்த தேதியில்லை, நானே கேட்டு வாங்கினேன். காரணம் இருக்கிறது. எழுதப் பார்த்தேன், தாள்களைக் கிழித்ததுதான் மிச்சம். ஃபோன் வேண்டாம், நான் அழ ஆரம்பிப்பேன், நீ ரேடியோ குரலில் பேச ஆரம்பித்துவிடுவாய். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

சாட்சிக் கையெழுத்துக்கு என் பக்கம் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எங்கள் முதலாளியம்மா. இன்னொருத்தி நீ. வேறு யாரையும் நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணி

*

செப்டம்பர் 27

அண்ணிக்கு,

வாழ்த்துகள். வாயால் மட்டும் சொல்லவில்லை. நீங்கள் பல் தட்டோடு லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டதும், அவர் வெளியே நின்று கதவு திறக்கிற வரை உங்களுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்ததும் போன வருஷம் எழுதினீர்களே, அன்றைக்கே “இந்த ஆளை விட்டுடாதீங்க” என்று பதில் எழுதியவள் நான். அதிலிருந்து நான் மாறவில்லை. உங்களுக்கு ஒரு துணை வேண்டும். தும்மலுக்கும் வேண்டும்.

ஆனால் அந்தத் தேதிக்கு நான் வர மாட்டேன்.

என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். காலைச் செய்திக்கு முன்னால் ஐந்து நிமிஷம், ‘இதே நாளில்’. எந்த ராஜா செத்தான், எந்தத் தீவைக் கண்டுபிடித்தார்கள், எந்தக் கப்பல் மூழ்கியது என்று தினமும் தேடி எடுத்துப் படிக்கிறேன். வருஷத்தில் ஒரே ஒரு நாளை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வருவேன். ரயிலேறி உங்கள் வீட்டுக்கு வருவேன். ஜன்னல்களைச் சாத்திவிட்டு மூன்று பேரும் அவன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். நான்கு வருஷமாக அப்படித்தான்.

அவன் போனதற்கு முந்தின நாள் நடந்ததை உங்களிடம் நான் சொன்னதில்லை. புயல் ஓய்ந்த சாயங்காலம். உங்கள் ஊரில் பாதிக்குக் கரண்ட் இல்லை. அண்ணன் மின்வாரிய ஆபீஸிலிருந்து ஃபோன் பண்ணினான். “நாளைக்கு என்ன படிக்கப் போற?” என்றான். “உங்க ஆளுங்க கதைதான்” என்றேன். 1965 நவம்பர் ஒன்பது, அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒரு பகுதியிலும் மின்சாரம் மொத்தமாக நின்றுபோய், மூன்று கோடிப் பேர் இருட்டில் இருந்தார்களே, அதை அவனுக்காகவே எடுத்து வைத்திருந்தேன். “அடேயப்பா! எங்களைப் பத்தியும் ரேடியோவுல சொல்ல ஒரு நாள் வந்துச்சே. பூட்ஸ் மாட்டும்போது கேக்குறேன்” என்றான்.

மறுநாள் படித்தேன். மதியத்துக்குள் அவன் ஏறிய கம்பம் சாய்ந்த செய்தி வந்துவிட்டது. அவன் கேட்டானா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு இருந்தது அவன் ஒருவன். இப்போது எனக்கென்று இருப்பது அந்த ஒரு நாள். அதிலும் மேளம் கொட்டப் போகிறீர்கள் என்றால், எனக்கு எங்கே போய் உட்காருவது என்று தெரியவில்லை.

பத்தாம் தேதி வைத்திருந்தால் முதல் ஆளாக வந்திருப்பேன்.

ரேடியோ

*

அக்டோபர் 6

ரேடியோக் கண்ணு,

உன் கடிதத்தைக் கூடத்தில் வைத்துப் படித்தேன். முதலாளியம்மா, “கண்ணுல பிளாஸ்டர் தூசி விழுந்துடுச்சா?” என்று கேட்டார். “ஆமாம்மா” என்றேன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மேளமெல்லாம் கிடையாது. பதிவு அலுவலகத்தில் ஒரு மேஜை, ஒரு பேனா. அவ்வளவுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் திறந்த புதிதில் தும்மலின் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வகுப்புச் சுவரில் பிள்ளைகளின் பிறந்தநாளையெல்லாம் ஒரு பெரிய அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு பெயரைத் தும்மல் மையால் கன்னங்கரேலென்று அழித்துவிட்டாள். முன்பல் விழுந்து ஓட்டைப்பல்லோடு சிரிக்குமே, அவள் பக்கத்திலேயே உட்காரும் பிள்ளை, அதன் பெயரை. அந்தப் பிள்ளை ஒரே அழுகை. டீச்சர், “ரெண்டு பேரும் ஒண்ணா சுத்துற பிள்ளைங்க. என்ன சண்டைன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா” என்றார்.

வரும் வழியெல்லாம் நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவளே சொன்னாள். “அவ நவம்பர் ஒம்பதுல பொறந்தேன்னு சொல்றாம்மா. அன்னைக்கு யாரும் பொறக்கக் கூடாது. அது நம்ம அப்பா நாள். அன்னைக்கு சிரிக்கவே கூடாது இல்ல?”

“அப்படின்னு உனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. நீயும் அத்தையும் அப்படித்தானே இருப்பீங்க.”

ரேடியோ, நான் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ஒற்றைச் செருப்போடு.

அவர் போனபோது அவளுக்கு நாலு வயது. அவளுக்கு அப்பாவின் முகம்கூடப் படத்தில் பார்த்துத்தான் ஞாபகம். ஆனால் அந்த நாள் ஞாபகமிருக்கிறது. நாம் மூடிய ஜன்னல், நாம் பேசாத பேச்சு, அதெல்லாம் ஞாபகமிருக்கிறது. அக்டோபர் பிறந்தால் வயிறு வலிக்கிறது என்பாள். மாதக் கடைசியில் காய்ச்சல். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, “உடம்புல ஒண்ணும் இல்லை. வீட்டுல ஏதாவது பயமா?” என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். இருந்தது, எனக்குத்தான் அப்போது தெரியவில்லை.

நாம் தப்பு செய்தோம் என்று சொல்லவில்லை. நமக்கு வேறு எப்படி இருக்கத் தெரிந்தது? ஆனால் அவள் இன்னும் எத்தனை நவம்பர் ஒன்பதைப் பார்க்கப் போகிறாள். ஒவ்வொன்றையும் பயந்துகொண்டே பார்க்க வேண்டுமா? அந்த நாளில் அவளுக்கு வேறொன்றும் நடந்ததாக இருக்கட்டும் என்றுதான் அந்தத் தேதியைக் கேட்டேன். அவரை அழிக்க இல்லை.

லிஃப்ட்காரர் தேதியைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். “வேண்டாங்க. அவரோட நாள்ல நான் போய் நாற்காலி போட்டு உக்காரக் கூடாது” என்றார். நான் தும்மல் சொன்னதைச் சொன்னேன். மறுபடி உட்கார்ந்தார். கடைசியில், “உங்க நாத்தனார் மனசார சரின்னு சொல்லட்டும். அவங்க வேண்டாம்னா, எனக்கும் வேண்டாம்” என்றார். கல்யாணம் ஆவதற்கு முன்னாலேயே உன் பக்கம் சேர்ந்துவிட்டார், பார்த்துக்கொள்.

ஆகவே நீதான் சொல்ல வேண்டும். சரியென்றால் சரி. வேண்டாமென்றால் மாற்றிவிடுகிறேன், அதற்காக முகம் தூக்க மாட்டேன்.

அண்ணி

*

அக்டோபர் 14

அன்புள்ள அண்ணி,

தும்மல் சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. காலையில் ஒலிபரப்பில் ஒரு போர் எப்போது முடிந்தது என்று சொல்வதற்குப் பதிலாக எப்போது பிறந்தது என்று சொன்னேன். நேயர் ஒருவர் ஃபோன் பண்ணி, “போருக்கும் பிறந்தநாள் கொண்டாடுறீங்களாம்மா?” என்று கேட்டார்.

எங்கள் குறிப்பறையில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு சின்ன இழுப்பறை உண்டு. நவம்பர் ஒன்பதை நான் நான்கு வருஷமாகத் திறக்கவில்லை. நேற்று திறந்தேன். உங்களுக்குச் சரியென்று எழுதுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் திறந்தேன். நம்புங்கள்.

மேலாகவே பெர்லின் சுவர் இருந்தது. 1989. அந்த ராத்திரி வாசல்களைத் திறந்துவிட்டார்கள். இருபத்தெட்டு வருஷம் பிரிந்திருந்த ஜனங்கள் சுவரின் மேல் ஏறி நின்று அழுதார்கள், சிரித்தார்கள். அதற்கு நேர் கீழே அதே ஜெர்மனியின் இன்னொரு குறிப்பு. 1938, அதே நவம்பர் ஒன்பது ராத்திரி. யூதர்களின் கடைகளை உடைத்து, கோயில்களைக் கொளுத்தி, வீடு புகுந்து மனுஷர்களை இழுத்துப் போனார்கள். தெருவெல்லாம் கண்ணாடித் துண்டு.

பிற்பாடு அந்த நாடு ஒன்றானபோது, தேசிய நாளாக எதை வைப்பது என்று யோசித்தார்கள். சுவர் திறந்த நாளைவிடப் பொருத்தமான நாள் உண்டா? ஆனால் அதை வைக்கவில்லை. பல காரணங்களில் ஒன்று, உடைந்த கண்ணாடியின் மேல் நின்று வாண வேடிக்கை விட முடியாது என்பது. அக்டோபர் மூன்றை வைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாடே தள்ளி வைத்தது, அண்ணி. நாம் ஒரு வாரம் தள்ளி வைத்தால் என்ன?

தும்மல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. என் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் மனசாரச் சரி என்று என்னைச் சொல்லச் சொன்னால், மனசு அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. பொய்யாகச் சரி என்று எழுதலாம். நீங்கள் என் கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். சொல்லிவிடுகிறேன். நீங்கள் எனக்கு அண்ணி ஆனது அண்ணனால். நீங்கள் இன்னொருவர் மனைவி ஆன பிறகு நான் உங்களுக்கு யார்? உங்கள் வீட்டுக்கு வந்தால் என்னவென்று சொல்லிக்கொண்டு உள்ளே வருவது? கூப்பிட ஒரு முறை வேண்டாமா?

தும்மலுக்கு இன்னும் வயிறு வலிக்கிறதா?

ரேடியோ

*

அக்டோபர் 23

ரேடியோ,

தேதியை மாற்றிவிட்டேன். நவம்பர் பதினாறு. பழைய தேதியை அங்கேயே காத்திருந்த ஒரு ஜோடி உடனே வாங்கிக்கொண்டது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ரொம்ப நன்றிக்கா, இவரு மறுநாள் கப்பலேறணும்” என்றாள். யாருக்கு எந்த நாள் எப்படி வந்து சேருகிறது பார்.

எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் இருந்தது. உன் கடிதத்தை நாலாம் தரம் படிக்கும்போது போய்விட்டது. பொய்யாகச் சரியென்று எழுதாமல் இருந்தாயே, அதற்காகவே உனக்கு ஒரு முத்தம்.

ஆனால் உன் ஜெர்மனிக்காரர்களுக்கு ஒரு பதில் சொல்லாமல் விட மாட்டேன். நாடு தள்ளி வைக்கலாம். நாட்டுக்குக் கொடி இருக்கிறது, பேண்டு வாத்தியம் இருக்கிறது, தள்ளி வைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ராத்திரி சுவர் மேல் ஏறினவர்களில் ஒருத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த தன் அக்காவைக் கட்டிக்கொண்டிருப்பாளே, அவள் காலண்டரைப் பார்த்துவிட்டா கட்டிக்கொண்டிருப்பாள்? அவளுக்கு அன்றைக்குத்தான் அக்கா கிடைத்தாள். அடுத்த வருஷம் அதே நாள் வந்தபோது அவள் சந்தோஷப்பட்டால், கண்ணாடி உடைந்ததை மறந்துவிட்டாள் என்றா அர்த்தம்? நான் பல் கட்டுகிறவள், எனக்குச் சரித்திரம் தெரியாது. ஆனால் ரெண்டையும் ஒரே இழுப்பறையில் போட்டு வைத்திருப்பது உங்கள் நிலையம்தானே?

இதைத் தேதிக்காகச் சொல்லவில்லை. அது முடிந்தது. சும்மா சொன்னேன்.

நீ எனக்கு யார் என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் உன்னை நேரில் பார்த்தால் ஒரு அறை விட்டிருப்பேன். பிரசவத்தில் நான் அலறியபோது என் கையில் நகம் பதியப் பதியப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? உன் அண்ணனா? அவர் வெளியே மயங்கி விழுந்து கிடந்தார், நர்ஸ் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு நான் சாப்பிடாமல் கிடந்தபோது, லீவு முடிந்தும் வேலைக்குப் போகாமல் என் வாயில் ஊட்டிவிட்டது யார்? முறை வேண்டுமாம் முறை. நான் செத்தாலும் உனக்கு அண்ணிதான். லிஃப்ட்காரரிடம் நீ கேட்டதைச் சொன்னேன். “என்னை அண்ணன்னு கூப்பிடச் சொல்லாதீங்க, அது அவரோட இடம்” என்றார். “அப்போ எப்படிக் கூப்பிடறதாம்?” என்றேன். மனுஷன் தீவிரமாக யோசித்துவிட்டு, “லிஃப்ட்டுன்னே கூப்பிடட்டும். நான் ஏறி வந்துடுவேன்” என்றார். அவர் ஜோக் அடித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம், அன்றைக்கு நீ ரேடியோவில் படித்ததை உன் அண்ணன் கேட்டாரா இல்லையா என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் போன தடவையே பார்த்தேன், பதில் எழுத எனக்குத் தெம்பு வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கேட்டார். ஒரு காலில் பூட்ஸ், இன்னொன்று கையில். வெளியே வண்டி வந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “இருங்கப்பா, எந்தங்கச்சி நம்மளைப் பத்தித்தான் பேசிட்டு இருக்கா!” என்று கத்தினார். வண்டியிலிருந்தவர்களும் இறங்கி ஜன்னலடியில் நின்று கேட்டார்கள். நீ முடித்ததும் கை தட்டினார்கள். அவர் அதே சிரிப்போடு இன்னொரு பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார்.

இதை உனக்கு எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். அந்த நாளைப் பற்றி நாம் ரெண்டு பேரும் பேசினால்தானே.

தும்மலிடம் தேதி மாறியதைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப ஒம்பதாம் தேதி என்ன பண்ணுவோம்? மறுபடியும் ஜன்னலைச் சாத்திட்டு உக்காந்திருப்போமா?” என்று கேட்டாள். அவளுக்கு நான் என்ன சொல்வது? உனக்குத் தெரிந்தால் எழுது.

வயிற்றுவலி இருக்கிறது.

அண்ணி

*

நவம்பர் 2

அன்புள்ள அண்ணி,

ஜன்னலடியில் நின்று கை தட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தை மட்டும் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள். நான்கு வருஷமாக அவன் கேட்காமலே போய்விட்டான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்கிறான். சிரித்துக்கொண்டு போயிருக்கிறான். அந்த நாளில் அது ஒரு காலைப்பொழுதாகவும் இருந்திருக்கிறது. எனக்கு மதியத்திலிருந்துதான் தெரியும்.

தும்மலின் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், பேசுவது. அதனால் நேற்று எங்கள் மேலாளர் அறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவரே, “தெரியும்மா, ஒம்பதாம் தேதி லீவு. வழக்கம்போல வேற ஆளைப் போட்டுட்டேன்” என்றார். “இல்ல சார். இந்தத் தடவை நானே படிக்கிறேன்” என்றேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “முடியுமாம்மா?” “தெரியல சார்.” “சரி. வேற ஆளை ஸ்டுடியோ வாசல்ல நிக்கச் சொல்றேன். முடியலன்னா கையைக் காட்டு.”

ஆகவே இந்த வருஷம் ஒன்பதாம் தேதி நான் வீட்டுக்கு வர மாட்டேன். வராத முதல் வருஷம். தப்பாக நினைக்காதீர்கள். கோபத்தில் வராமல் இருப்பது வேறு, இது வேறு.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அன்று காலையில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும். ரேடியோவைச் சத்தமாக வையுங்கள். தும்மல் பக்கத்தில் இருக்கட்டும். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமானால் ஆகட்டும், டீச்சரிடம் அத்தைதான் காரணம் என்று சொல்லச் சொல்லுங்கள்.

பயமாக இருக்கிறது. எத்தனை ஆயிரம் பேர் கேட்கிறார்கள் என்று ஒரு நாளும் நான் ஒத்திகை பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரே ஒரு வீட்டில் கேட்கப் போகிறீர்கள் என்று இப்போதே நாலு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டேன்.

பதினாறாம் தேதியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் இதைத் தாண்டுகிறேன்.

ரேடியோ

*

நவம்பர் 9, ராத்திரி

என் ரேடியோவுக்கு,

கேட்டோம்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ தவித்துக்கொண்டிருப்பாய். கேட்டோம், எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. சமையலறை ஜன்னல் நாலு வருஷத் துருவில் மக்கர் பண்ணியது. லிஃப்ட்காரர் எண்ணெய்க் குப்பியோடு நேற்றே வந்து சரி பண்ணிக் கொடுத்துவிட்டு, “காலையில நான் வரல. நீங்க மூணு பேரும் இருங்க” என்று போய்விட்டார். மூணு பேர் என்று அவர் யாரைச் சேர்த்துச் சொன்னார் என்று அப்புறம்தான் யோசித்தேன். நீயாகவும் இருக்கலாம். உன் அண்ணனாகவும் இருக்கலாம்.

தும்மல் என் மடியில் உட்கார்ந்திருந்தாள். உன் குரல் வந்ததும் நிமிர்ந்தாள். சுவரைச் சொன்னாய். கண்ணாடி உடைந்த ராத்திரியைச் சொன்னாய். ஒன்றுக்காக இன்னொன்றை விடவில்லை. அப்புறம் 1965 என்றாய். நின்றுவிட்டாய்.

தும்மல், “அத்தை போயிட்டாங்களாம்மா?” என்றாள். “இல்லடி, இரு” என்றேன். அப்போது நீ மறுபடி ஆரம்பித்தாய். விளக்கெல்லாம் அணைந்துபோன அந்த ராத்திரி முழு நிலா இருந்தது, ஊரே நிலா வெளிச்சத்தில் நடந்து வீட்டுக்குப் போனது என்றாய். அப்புறம் சொன்னாயே, “போன விளக்கைத் திரும்ப ஏற்றுவதற்காக எங்கெங்கோ கம்பத்தில் ஏறுகிற எல்லாருக்கும் இன்றைய நிகழ்ச்சி” என்று. பேரைச் சொல்லவில்லை. எனக்கும் தும்மலுக்கும் அது போதும்.

தும்மல் என் முகத்தைத் திருப்பிப் பார்த்து, “அது அப்பாவா?” என்றாள். “ஆமா.” “அத்தை ரேடியோவுல அப்பாவைப் பத்திச் சொன்னாங்களா?” “ஆமாடி.” இறங்கி ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். தெருவில் ஆள் போனால் கூப்பிட்டுச் சொல்லுவாள் போல இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் தானாகவே சொன்னாள், ஓட்டைப்பல்லின் வீட்டில் சாயங்காலம் கேக் வெட்டுகிறார்களாம், வகுப்பில் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறாளாம், தன்னையும் கூப்பிட்டாளாம். “போகலாமாம்மா?” என்று கேட்கவில்லை. “போனா அப்பா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாருல்ல?” என்று கேட்டாள். நான் நடுத்தெருவில் நின்று சொன்னேன்: “உங்கப்பா கேக்குன்னா அடுத்த தெருவுக்கே ஓடுவாரு. நீ போகலைன்னாதான் நினைச்சுப்பாரு.”

போனாள். லிஃப்ட்காரரும் நானும் போய்க் கூட்டி வந்தோம். வாயைச் சுற்றி க்ரீம். வரும்போது திடீரென்று, “அப்பா சிரிச்சா எப்படி இருக்கும்?” என்றாள். இத்தனை வருஷத்தில் அவர் எப்படிச் செத்தார் என்றுதான் கேட்டிருக்கிறாள். எப்படிச் சிரிப்பார் என்று கேட்டதில்லை. நான் செய்து காட்டினேன். தெரியுமே உனக்கு, முதலில் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் பின்னால்தான் வரும். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “இன்னும் சொல்லு” என்றாள். முதன்முதலில் என்னைப் பெண் பார்க்க வந்தபோது தப்பான வீட்டுக்குள் போய் காப்பி குடித்துவிட்டு வந்ததைச் சொன்னேன். வீடு வந்துவிட்டது. நான் பூட்டைத் திறக்கிறேன், லிஃப்ட்காரர் வாசலிலேயே நின்றுகொண்டு, “அப்புறம்? அந்த வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்க?” என்கிறார். உள்ளே வந்து உட்கார்ந்து மூன்று பேரும் உன் அண்ணனைப் பற்றியே பேசினோம். பேசிப் பேசிச் சரக்குத் தீர்ந்துவிட்டது.

ஏனென்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகான மனுஷன்தான். தும்மல், “அப்பா என்னை மாதிரி சின்னப்பிள்ளையா இருக்கும்போது?” என்று கேட்டாள். “அது அத்தைக்குத்தான் தெரியும்” என்றேன்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. தூங்கிவிட்டாள்.

அண்ணி

*

நவம்பர் 12

அன்புள்ள அண்ணி,

ஸ்டுடியோவில் நான் நின்றுபோனபோது வாசலில் நின்றவருக்குக் கை காட்டப் போனேன். கை தூக்கியும்விட்டேன். அப்போது ஜன்னலடியில் நின்ற அந்த வண்டிக்காரர்கள் ஞாபகம் வந்தது. இன்றைக்கும் யாராவது எங்காவது நின்று கேட்டுக்கொண்டிருப்பார்களே என்று கையை இறக்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் மேலாளர் தன் டீயை என்னிடம் நீட்டினார். அவர் பாதி குடித்திருந்த டீ. குடித்துவிட்டேன்.

தும்மலிடம் சொல்லுங்கள், அவள் அப்பா சின்னப்பிள்ளையாக இருந்த கதை என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. கோழியைக் குளிப்பாட்டியது, பரீட்சைக்குப் பயந்து அலமாரிக்குள் ஒளிந்து தூங்கிப்போனது, ஊரே தேடியது. எல்லாவற்றையும் சொல்ல ஒரு ராத்திரி போதாது. அதனால் நான்கு நாள் வருகிறேன். பதினான்காம் தேதி ரயில். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், உங்களுக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும். லிஃப்ட்டை அனுப்புங்கள். எந்த முகத்தோடு போய்ப் பேசுவது என்று எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். அவருக்கும் இருக்கும். ஒருவர் கூச்சத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வந்துவிடுவோம்.

பேனா நானே கொண்டு வருகிறேன். பதிவு அலுவலகப் பேனாவை நம்ப முடியாது.

நேற்று லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘அண்ணி கல்யாணம்’ என்று எழுதினேன். மேலாளர் இரண்டு முறை படித்தார். பிறகு தலையைத் தூக்கி, “அண்ணன் கல்யாணமாம்மா? எழுத்து மாறிப்போச்சு போல” என்றார்.

“இல்ல சார்” என்றேன். “அண்ணி கல்யாணம்தான்.”

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

உங்கள்
ரேடியோ